கடிகாரத்துக்கு ஒரு பாராட்டு மடல்

இருநூறு பேருக்கு மேல் புகழ்ந்து எழுதியிருக்கிறார் அவர். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள். தன்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை என்பதை ஐம்பத்தெட்டாவது வயதில்தான் கவனித்தார். அதுவும் வேறு ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது.

குடிநீர் வாரியத்தின் புகார் அறை அவர் வேலை செய்யும் இடம். இரண்டாவது மாடி. பத்து மேசை, பத்து தொலைபேசி, சுவர் முழுக்க நகரத்தின் குழாய் வரைபடம். வாரியத்தில் யார் ஓய்வு பெற்றாலும், மாற்றலாகிப் போனாலும், ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு மடல் வாசித்துச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். எழுதுவது அவர். அதனால் அவரை எல்லோரும் அடைமொழி அக்கா என்றார்கள். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

புகழ்வது அவர் தொழில் அல்ல. தொழில், திட்டு வாங்குவது. மதியம் இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் இரவு பத்து வரைக்கும் அதுதான். மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக் குழாயைத் திறக்கிற நேரம் அது.

"ஏம்மா, மூணு நாளா குழாயில காத்துதான் வருது. அதுக்கும் பில் போடுவீங்களா?"

"காத்துக்கு பில் இல்லீங்க. தெருப் பேரைச் சொல்லுங்க."

"சொன்னா மட்டும் வந்துடுமா?"

"சொல்லலைன்னா நிச்சயமா வராதுங்க."

திட்ட வந்தவர்கள் சிரித்துவிட்டு வைப்பதும் உண்டு. அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. காலை ஷிஃப்ட் கேட்கிற போதெல்லாம் மேற்பார்வையாளர் ஒரே பதிலைச் சொல்வார்: "உன் குரல் மதியத்துக்குத்தாம்மா லாயக்கு."

மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் உண்டு. கடிகாரம். அறையின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். யாராவது எழுந்து வெளியே போனால் அந்த ஆளைப் பார்க்கமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வரும்போதும் அதையே பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் ஆளைக் கூசவைக்க அது போதும். மாதாமாதம் ஷிஃப்ட் அட்டவணை போடுவது அவர் கையில். காலை ஷிஃப்ட், அவருக்குக் காலை வணக்கம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு. "இந்தச் சட்டையில பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க சார்" என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு. இரவு ஷிஃப்ட் தண்டனை. மதிய ஷிஃப்ட், மீதி எல்லோருக்கும்.

அக்காவுக்கு அந்தக் காலை வணக்கம் வரவில்லை. எழுத்தில் ஊரையே புகழ்கிறவருக்கு ஆளைப் பார்த்துப் பேசும்போது நாக்கு எழாது. தமிழில் புகழ வேண்டுமென்றால் வாய் உலர்ந்துவிடும். ஆங்கிலம் வேறு. அது வாடகைக்கு எடுத்த உடுப்பு மாதிரி. யாருக்கு வேண்டுமானாலும் போட்டுவிடலாம். மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த உடுப்புகள் அவரிடம் வந்து சேர்ந்தது அப்பா வழியாக. அப்பா ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரப் பக்கத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர். இரங்கல் விளம்பரம், வாழ்த்து விளம்பரம், பட்டம் பெற்றவருக்குப் பாராட்டு விளம்பரம். வேலை மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் அச்சைப் பார்த்துத் திருத்த வேண்டும். வாசிப்பது மகள். பன்னிரண்டு வயதில் அவருக்குப் பல வார்த்தைகளின் பொருள் தெரியாது. எந்த வார்த்தை யாருக்கு என்பது மட்டும் தெரியும். கடைக்காரர் செத்தால் ரெஸ்பெக்டட். டாக்டர் செத்தால் எமினென்ட். மில் முதலாளி செத்தால் இல்லஸ்ட்ரியஸ். கட்டணம் கூடக் கூட இறந்தவர் உயர்ந்துகொண்டே போவார் என்று அவர் புரிந்துகொண்டார்.

பொருள் பிறகு வந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிமனான அகராதி ஒன்று மேசை டிராயரில் இருந்தது. புகழும் வார்த்தைகளைப் பார்க்கப் போனவர், அளவுக்கு மீறிப் புகழ்பவர்களைக் கேலி செய்யும் வார்த்தைகளில் போய் மாட்டிக்கொண்டார். அழைப்பு குறைந்த நேரங்களில் பக்கத்து மேசைக்காரியிடம் அதைச் சொல்வார். அந்தப் பக்கத்து மேசைக்காரியின் பெயர் ஊசி. பேச்சு குத்தும் என்பதால் வந்த பெயர்.

"சோப்பு போடறதுன்னு நாமதான் சொல்றோம்னு நினைச்சேன்" என்பாள் ஊசி. "இங்கிலீஷ்காரனும் அதே சோப்புதானா?"

"அதே சோப்புதான். மெத்துன்னு இருக்கற சோப்புன்னு சொல்லுவான். வெண்ணெயும் தடவுவான். ரொம்ப ஓவரா போனா கொத்தனார் கரண்டியால அப்பறான்னு சொல்லுவான்."

"நாம ஐஸ் வைப்போம்."

"அவங்க ஊரே ஐஸு. அதனால வெண்ணெய்க்குப் போயிட்டாங்க போல."

"காக்கா பிடிக்கறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு?"

"தேரை" என்றார் அக்கா. "டோடின்னு ஒரு வார்த்தை. முன்னாடி சந்தையில மருந்து விக்கறவன்கூட ஒரு ஆளு வருவானாம். எல்லார் முன்னாடியும் விஷத் தேரையைத் திம்பான். திங்கற மாதிரி நடிப்பான். உடனே கீழ விழுந்து துடிப்பான். முதலாளி மருந்தை ஊத்துவாரு. பொழைச்சு எழுந்திருப்பான். கூட்டம் மருந்தை அள்ளிட்டுப் போகும். தேரை தின்னிங்கறது முதல்ல அந்த ஆளுக்கு வந்த பேரு. அப்புறம் முதலாளி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டற எல்லாருக்கும் ஆயிடுச்சு."

ஊசி காலை ஷிஃப்ட் ஆட்கள் உட்காரும் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "அப்ப நம்மகிட்ட அஞ்சு பேரு இருக்காங்க" என்றாள்.

அந்த மார்ச் மாதம் முழுக்க அக்காவின் கால் தரையில் நிற்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி கடிகாரத்துக்கு அறுபது வயது. அவர் எழுந்தால் அந்த நாற்காலி வரிசைப்படி அக்காவுக்கு. கண்ணாடித் தடுப்புக்குள் வேலை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அவருக்கு வேண்டியிருந்தது கண்ணாடி இல்லை. அந்த ஐந்து மணி.

கணவர் பேக்கரியில் அடுப்புப் பொறுப்பு. ஊர் தூங்கும்போது எழுந்து போவார்; பகல் பதினொன்றுக்கு மாவு படிந்த புருவத்தோடு திரும்புவார். குளித்து, சாப்பிட்டு, அவர் படுக்கிற நேரத்தில் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்புவார். அவர் மாலை ஐந்துக்கு எழுவார்; அக்கா திரும்பும்போது இரண்டாவது தூக்கத்தில் இருப்பார். அக்காவின் தட்டில் அன்றைக்குக் கோணலாக வெந்து விற்காமல் போன பன் ஒன்று இருக்கும். மகள் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் இருப்பது இரண்டு பேர், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

பிப்ரவரியிலேயே கணவர் பால்கனிக்கு இரண்டு மடக்கு நாற்காலி வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் உறையோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"இப்பவே எதுக்கு?" என்றார் அக்கா.

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி கடையில கூட்டமா இருக்கும்."

"எதுக்குக் கூட்டம்?"

"என்னை மாதிரி எத்தனை பேரு பொண்டாட்டி வருவான்னு காத்திருக்கானோ, யாருக்குத் தெரியும்?"

மார்ச் இரண்டாவது வாரம் கடிகாரம் அக்காவின் மேசைப் பக்கம் வந்தார். வரைபடத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த மடல், கிடல். வழக்கம்னு ஒண்ணு இருக்கே, அதுக்காகச் சொல்றேன். சும்மா ரெண்டு வரி எழுதினா போதும்."

"ரெண்டு வரியா சார்?"

"இல்ல... சட்டம் கொஞ்சம் பெருசா வாங்கியிருக்காங்களாம். காலியா இருந்தா நல்லா இருக்காது."

அக்கா எழுதினார். அவர் வாழ்க்கையில் அப்படி எழுதியதில்லை. போகிறவரை எவ்வளவு புகழ்ந்தாலும் யாருக்கு என்ன நஷ்டம்? சந்தோஷம் வேறு கையைத் தள்ளிக்கொண்டு போனது. அப்பா காலத்து வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. மேக்னானிமஸ் என்றால் பரந்த மனம், எழுதினார். பீர்லெஸ் என்றால் நிகரற்றவர், எழுதினார். கனிவின் இருப்பிடம், நியாயத்தின் தராசு, இக்கட்டில் ஹீரோ. கடைசி வரிக்கு ஒரு கனமான வார்த்தை தேவைப்பட்டது. இன்டிஸ்பென்ஸபிள் என்று முடித்தார். இவர் இல்லாமல் இந்த அறை நடக்காது.

மடலின் கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவதும் வழக்கம்தான். மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து நாற்பது பேர். யாரும் படிப்பதில்லை. "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்பார்கள். பேனா கை மாறிக்கொண்டே போகும். ஊசி ஒருத்திதான் படித்தாள்.

"ஏன்க்கா, செத்துட்டாரா?"

"போடி. கையெழுத்துப் போடு."

"போடறேன். ஆனா இவ்ளோ நல்லவரை நாம பார்த்தே இல்லையேன்னு வருத்தமா இருக்கு."

விழா கூட்ட அரங்கில் நடந்தது. வழக்கமாக வந்து தலையாட்டிவிட்டுப் போகும் பழைய தலைமைப் பொறியாளர் மாறிப்போய்விட்டார். புதியவர் ஓர் அம்மாள், வந்து மூன்று வாரம். வேறு துறையிலிருந்து வந்தவர். எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிப்பார், படித்ததை அப்படியே நம்புவார் என்று பேச்சு. வாரியத்தில் பாராட்டு மடல் எப்படி எழுதப்படுகிறது, எதற்கு எழுதப்படுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யார் போய்ச் சொல்வார்கள்?

அக்கா வாசித்தார். வாசிக்கும் பழக்கம் அப்பா கொடுத்தது. எந்த வார்த்தையில் நிறுத்தினால் கை தட்டுவார்கள் என்று தெரியும். அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது, கிளாப்டிராப். நாடகக்காரர்கள் கைதட்டலைப் பிடிக்க வைத்த பொறி. அன்றைக்கு ஒவ்வொரு பொறியிலும் விழுந்தது. காலை ஷிஃப்ட் ஆட்கள் எழுந்து நின்றார்கள். கடிகாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு தலைமைப் பொறியாளர் எழுந்தார். மடலைக் கையில் வாங்கி, கீழே இருந்த கையெழுத்துகளை ஒருமுறை பார்த்தார்.

"நான் வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி கேட்டுட்டு இருக்கேன். இந்த வாரியத்துல எந்தப் பிரிவு ஒழுங்கா நடக்குது? யாராலயும் பதில் சொல்ல முடியல. இன்னிக்குத்தான் எழுத்துல ஒரு பதில் கிடைச்சிருக்கு. நாப்பது பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இவர் இல்லாம அறை நடக்காதுன்னு நீங்களே சொல்றீங்க. கோடை வருது. தண்ணிப் பஞ்சம் வருது. இப்படிப்பட்டவரை இன்னிக்கு அனுப்பிட்டு நாளைக்கு நான் என்ன பண்றது? ரெண்டு வருஷம் பணிநீட்டிப்பு குடுக்கறேன். உத்தரவு இன்னிக்கே டைப் ஆகிடும்."

அரங்கில் கைதட்டல். ஆரம்பித்துவிட்டவர்களுக்கு நிறுத்தவும் தெரியவில்லை.

"கை தட்டுக்கா" என்று ஊசி காதோரம் சொன்னாள். "எல்லாரும் பாக்கறாங்க."

அக்கா கை தட்டினார். கணக்கு அவருக்குத் தெரியும். கடிகாரத்துக்கு இன்னும் இரண்டு வருடம். அக்காவுக்கும் ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அந்த நாற்காலி இனி அவருக்கு இல்லை.

வீட்டில் கணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ்ளோ நல்லாவா எழுதின?" என்றார்.

"ரொம்ப நல்லா எழுதிட்டேன்."

"கொஞ்சம் சுமாரா எழுதியிருக்கலாம்ல?"

"சுமாரா எழுத வரலையே."

அவர் எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அக்கா தலைமைப் பொறியாளரின் அறை வரைக்கும் இரண்டு தடவை போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், திரும்பினார். உள்ளே போய் என்ன சொல்வது? நான் எழுதியது பொய், வாசித்தது பொய், நாற்பது பேரும் சும்மா கையெழுத்துப் போட்டார்கள் என்றா? மற்றவர்களும் சேர்ந்து வந்தால் சொல்லிவிடலாம் என்று கேட்டுப் பார்த்தார். புகழ்வதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் இதற்குக் கண்ணைத் திறந்துகொண்டார்கள். "நீ எழுதினதுதானேக்கா" என்றார்கள். ஊசிகூட, "நான் வர்றேன்க்கா, ஆனா ரெண்டு பேரு போனா சண்டை மாதிரி இருக்கும்" என்றாள்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. கடிகாரம் மாறினார்.

முதல் நாள் கண்ணாடித் தடுப்பிலிருந்து வெளியே வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று ஊசியைக் கேட்டார். ஊசிக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் ஒருவர் எழுந்து வெளியே போனபோது சுவரைப் பார்க்கத் திரும்பி, பாதியில் நிறுத்தி, கூரையைப் பார்த்தார். யாரோ தும்மியதற்கு மாத்திரை கொண்டுவந்தார். அறை மிரண்டுபோனது. காலை ஷிஃப்ட் ஆட்களுக்கு எதைப் புகழ்வது என்றே தெரியவில்லை, சட்டையில் ஆரம்பித்தால், "அதை விடுங்க, உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிடுகிறார்.

"கனிவின் இருப்பிடமா மாறப் பாக்கறாருக்கா" என்றாள் ஊசி. "நீ எழுதினதைப் பாத்து ஒத்திகை நடக்குது."

அக்காவுக்கு அது சிரிப்பாக இல்லை. தான் தைத்துக்கொடுத்த சட்டை அளவில்லாமல் தொங்க, ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது. அவர் வரும் பக்கமே பார்க்காமல் போன்களை எடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை மதியம் தடுப்புக்குள்ளிருந்து அழைப்பு வந்தது.

"கதவைச் சாத்திட்டு உக்காரும்மா."

உட்கார்ந்தார். மேசைமேல் மடலின் நகல். பக்கத்தில் ஒரு பென்சில்.

"அசலைக் கூடத்துல மாட்டியிருக்கேன்" என்றார் கடிகாரம். "வாசல்லேர்ந்து பார்த்தா தெரியற மாதிரி. என் வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் நல்லா வரும். டீச்சரா இருந்தவ. முழுசா படிச்சா. படிச்சிட்டு, 'யாரு இது?'ன்னு கேட்டா."

அக்கா நகலின் முதல் வரியைப் பார்த்தார்.

"கிண்டல் பண்றான்னு நினைச்சேன். அவ சிரிக்கல. நிஜமாத்தான் கேட்டா." பென்சிலை நேராக்கி வைத்தார். "நானும் ரெண்டு வாரமா முயற்சி பண்ணிப் பாக்கறேன். முடியல. தலை வலிக்குது. நீதானே எழுதின. உனக்குத் தெரிஞ்சிருக்கும். இதுல எது நிஜம்?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அக்கா தப்பித்திருப்பார். எல்லாமே நிஜம் என்பதற்கு ஆங்கிலத்தில் அவரிடம் இருபது வழி இருந்தது. சொல்லியிருந்தால் மனிதர் சந்தோஷமாக நாற்காலியில் சாய்ந்திருப்பார். ஒருவேளை காலை ஷிஃப்டும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தமிழில் கேட்டார், முகத்தைப் பார்த்துக் கேட்டார். அக்காவின் வாய் உலர்ந்துவிட்டது. ஏதாவது தப்பாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அட்டவணை இந்த மனிதரின் கையில். மதியத்துக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. இரவு ஷிஃப்ட் போட்டால், பகலில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.

பென்சிலை எடுத்தார்.

"மேக்னானிமஸ்" என்று வாசித்து அடித்தார்.

"அது என்ன?"

"பெரிய மனசு சார்."

"அது இல்லையா எனக்கு? உன் பொண்ணு பிரசவத்துக்கு லீவு குடுத்தேனே!"

"அரை நாள் குடுத்தீங்க சார்."

"அரை நாளா?"

"அதுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை வாங்கிட்டீங்க."

அவர் கூரையைப் பார்த்தார். "அடுத்தது."

நிகரற்றவர் போனது. கனிவின் இருப்பிடம் போனது. நியாயத்தின் தராசு என்ற இடத்தில் பென்சில் நின்றபோது அவரே, "ஷிஃப்டா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றார் அக்கா. அதுவும் போனது. ஆரம்பித்தபின் அக்காவால் நிறுத்த முடியவில்லை. வெளியே போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி வழியாக ஊசி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

ஆறாவது வரிக்கு வந்தபோது பென்சிலைத் தூக்கினார்.

"இது இருக்கட்டும் சார்."

"என்ன போட்டிருக்கு?"

"ஹீரோன்னு போட்டிருக்கேன். அந்த வார்த்தையை அடிச்சிடறேன். உள்ள இருக்கறது நிஜம். பெரிய குழாய் வெடிச்சப்ப மூணு நாள் நீங்க வீட்டுக்குப் போகல. எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போச்சு. நீங்களே போனை எடுத்தீங்க. திட்டு வாங்கினீங்க."

"அதை எழுதியிருக்கியா?" ஆச்சரியமாகக் கேட்டார். "வாசிச்சப்ப கவனிக்கலையே."

"மத்த வார்த்தையெல்லாம் சத்தமா இருந்துச்சு சார்."

பிறகு இன்னும் ஒன்று மிஞ்சியது. முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அதையும் அடிக்கவில்லை. கடைசி வரி வந்தது. இன்டிஸ்பென்ஸபிள். இருவரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன ஜூன்ல ஒரு வாரம் லீவுல போனீங்க சார்" என்றார் அக்கா. "போன் அடிச்சுது. நாங்க எடுத்தோம்."

கோடு போட்டார்.

கடிகாரம் நகலை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை.

"போ. மே மாச அட்டவணை வெள்ளிக்கிழமை ஒட்டுவேன்."

அந்த வாரம் கோணல் பன்கள் தட்டில் அப்படியே கிடந்தன. புதன்கிழமை பகல் கிளம்புவதற்கு முன் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மொத்தமா அடிச்சிட்டியா?"

"ரெண்டு வரி மிச்சம்."

"ரெண்டு வரி போதும்னுதானே அவரும் முதல்ல கேட்டாரு."

"விளையாடாதீங்க. நைட் ஷிஃப்ட் போட்டுடுவாரு."

துவட்டுவது நின்றது. "போட்டா, நான் கிளம்பும்போது நீ இருக்கமாட்ட. நான் வந்தா நீ தூங்கிட்டு இருப்ப, நான் எழுந்தா நீ ராத்திரிக்குன்னு மறுபடி படுத்துடுவ." பால்கனிப் பக்கம் பார்த்தார். "அந்த நாற்காலியை பேக்கரிக்கு எடுத்துட்டுப் போயிடலாமா? உக்கார அங்கயும் இடம் இல்ல."

அக்கா பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள் நுழையும்போதே அறிவிப்புப் பலகை முன் கூட்டம். காலை ஷிஃப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார், கழற்றினார். பார்க்கப் போகவில்லை.

ஊசி பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"எது வேணும்க்கா, நல்லதா, கெட்டதா?"

"சொல்லித் தொலைடி."

"உனக்குக் காலை ஷிஃப்ட். ஆறுலேர்ந்து ரெண்டு. மே மாசம் பூரா."

அக்கா ஹெட்போனை மேசைமேல் வைத்தார்.

"கெட்டது, நாலு ஞாயித்துக்கிழமையும் உனக்கு வேலை. ஒண்ணுகூட விடல. பழிவாங்கறாருன்னு வெச்சுக்க."

"அவருக்கும் ஞாயிறு லீவு கிடையாது" என்றார் அக்கா. அவர் என்றது கணவரை. பேக்கரிக்கு ஞாயிறுதான் வியாபாரம். "மதியத்துல என் இடத்துக்கு யாரு?"

ஊசி கண்ணாடித் தடுப்பைக் காட்டினாள். உள்ளே கடிகாரம் ஒரு புது ஹெட்போனைக் கையில் வைத்து எந்தப் பக்கம் வலது காது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரேதான். பேரைப் போட்டிருக்காரு, கையெழுத்தும் போட்டிருக்காரு. பக்கத்து மேசைல ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு மாசம் நான் அவர்கூட உக்காரணும். என்ன பாவம்க்கா நான் பண்ணினேன்?"

அக்காவின் போன் அடித்தது. எடுத்தார். தெருப் பெயர் கேட்டார்.

பணிநீட்டிப்பு உத்தரவில் மாற்றம் இல்லை. ஜூன் மாத அட்டவணையில் என்ன இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மே ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு அக்கா வேலையில் இருக்க வேண்டும். இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். கணவர் தூங்கி எழுந்திருப்பது ஐந்து மணிக்கு. நாற்காலிகளின் பிளாஸ்டிக்கை அன்றைக்கு அவர் எழுந்ததும் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.